நூரெம்பர்க் புகட்டும் மருத்துவ அறம்

மருத்துவ அறம் பயிலும் அயல்நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் சிலர், ஏட்டுக் கல்வியோடு நில்லாது, குறுகிய காலப் பயணமாக ஜெர்மனி சென்றும் கற்கின்றனர். நூரெம்பர்க் நீதி மாளிகை அவர்கள் காணும் இடங்களுள் ஒன்று.

அங்கே 1946 டிசம்பர் 9ஆம் நாள் 23 பேர்மீது வழக்கு விசாரணை தொடங்கியது. அவருள் 20 பேர் மருத்துவர். நாஜி ஆட்சியில், வதைமுகாம்களில் அடைபட்டோரை அவர்தம் இசைவின்றிக் கொடிய சோதனைகளுக்கு உட்படுத்தினர் என்பதே முதன்மையான குற்றச்சாட்டு. 1947 ஆகஸ்டில் 16 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. எழுவர் 1948இல் தூக்கிலிடப்பட்டனர். தீர்ப்பில் பத்து நெறிகளும் வகுக்கப்பெற்றன. சோதனைக்கு உட்படுபவர் மனமுவந்து இசைதல் வேண்டும் என்பது முதல் நெறி.

ஆயின், இந்நெறி ஜெர்மனிக்குப் புதிதன்று. புதிய சிகிச்சைக்கும் சோதனைக்கும் உரியவரின் இசைவு வேண்டும் என அந்நாட்டு உள்துறை 1931இலேயே விதித்திருந்தது. விதி இருந்தும் உயிர்கள் மாண்டன. ஏட்டிலுள்ள விதி மருத்துவன் நெஞ்சிலும் பதிதல் வேண்டும் என்பதே அம்மாணவர் ஆங்குப் பெறும் பாடம்.