ஞானப்பல் எடுத்த பிறகு தேன்: எப்போது, எப்படிப் பயன்படுத்தலாம்?

தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் எந்தப் புண்ணுக்கும் தேன் தடவுவது வழக்கம். ஞானப்பல் பிடுங்கிய இடத்திலும் தேன் உதவலாம். ஆனால் அவசரப்பட்டுத் தடவினால் வலியை நாமே வரவழைத்ததாகிவிடும்.

முதல் 24 மணி நேரம்

பல் எடுத்த குழியில் உறையும் ரத்தம்தான் முதல் மருந்து. அது எலும்பை மூடிக் காக்கிறது. அது பெயர்ந்துவிட்டால் சில நாட்களில் காது வரை பரவும் கடும் வலி வரும். இதை மருத்துவர்கள் 'டிரை சாக்கெட்' என்பார்கள். எனவே முதல் நாளில்:

* குழியில் தேன் உட்பட எதையும் வைக்காதீர்கள்.
* கொப்பளிக்க வேண்டாம். வேகமாகத் துப்பவும் வேண்டாம்.
* பீடி, புகையிலை, வெற்றிலைபாக்கு கூடவே கூடாது. புண் ஆறும் வரை தவிர்ப்பது நல்லது.
* மூட்டை தூக்குவது, தெளிப்பான் சுமப்பது வேண்டாம், ரத்தக்கசிவு திரும்பும்.

மறுநாள் முதல்

* ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு கலந்து மெதுவாகக் கொப்பளியுங்கள்.
* பல் மருத்துவர் சம்மதித்தால், சுத்தமான பஞ்சில் சில துளி தேன் தொட்டுப் புண்ணின் மேல் ஒற்றலாம். குழிக்குள் திணிக்காதீர்கள்.
* தேன் சர்க்கரைப் பொருள். சிறிது நேரம் கழித்து வாயைக் கழுவாவிட்டால் மற்ற பற்கள் சொத்தையாகும்.

எந்தத் தேன்?

தேனில் நீர் குறைவு, புளிப்புத்தன்மை உண்டு. அதிலுள்ள ஒரு நொதி சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்கும். கிருமிகள் வளராததற்கு இவையே காரணம். அதிகம் சூடாக்கினால் நொதி கெட்டுவிடும். மூடிய அறைகளிலிருந்து எடுத்த, புளிக்காத தேனே நல்லது. மருத்துவமனைகளில் காயங்களுக்குப் பயன்படுத்துவது கிருமிநீக்கம் செய்த மருத்துவத் தேன். நம் பெட்டித் தேன் அதற்கு ஈடல்ல.

தேனீப் பிசின்

பெட்டி இடுக்கில் சுரண்டும் பிசினில் (புரோபோலிஸ்) மெழுகு, தூசி, மரத்துகள் கலந்திருக்கும். அதைப் புண்ணில் வைக்காதீர்கள். கடையில் விற்கும் பிசின் கரைசல் பலவற்றில் ஆல்கஹால் உண்டு, புண் எரியும்.

யார் தவிர்க்க வேண்டும்?

தேன், மகரந்தம், தேனீக்கொட்டு ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவும். சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்கவும்.

வலி குறையாமல் மூன்றாம் நாள் கூடினாலோ, துர்நாற்றம், சீழ், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை இருந்தாலோ உடனே பல் மருத்துவரிடம் செல்லுங்கள். தேன் துணை மருந்துதான். மருத்துவர் தந்த மாத்திரைகளைத் தேனை நம்பி நிறுத்தாதீர்கள்.