முத்திரை குத்தும் அதிகாரம்: ஊடகச் சார்பும் சமூக வலைத்தள ஒழுங்குமுறையும்

தமிழகத்துத் தொலைக்காட்சிச் செய்திகளுக்குக் கட்சி நிறம் உண்டென்பது ஊரறிந்த செய்தி. சன் (1993), ஜெயா (1999), கலைஞர் (2007) ஆகிய தொலைக்காட்சிகள் எந்தக் கட்சிக்கு நெருக்கமானவை என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரே பொதுக்கூட்டத்தில் ஒரு சேனல் மக்கள் வெள்ளத்தைக் காட்டும். மற்றொன்று காலி நாற்காலிகளைக் காட்டும். பார்ப்பவர் அதற்குரிய கழிவு போட்டுக்கொள்வார். சார்பு தன் முகவரியோடு வந்ததால் அதன் கேடு ஓரளவு மட்டுப்பட்டது. சமூக வலைத்தளங்களில் இந்த முகவரி இல்லை. எந்தப் பதிவு மேலே வருகிறது, எது கீழே அமுங்குகிறது, யார் சொல்லி எது நீக்கப்படுகிறது என்பவை பயனருக்குத் தெரிவதில்லை. ஆகவே சட்டம் கைவைக்க வேண்டியது சார்பு மறைக்கப்படும் இடத்தில்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம். எது உண்மை என்று தீர்ப்பளிக்கும் வேலையை அரசிடம் கொடுத்தால் அந்த மறைப்பு கூடவே செய்யும்.

2023 ஏப்ரல் 6 அன்று ஒன்றிய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தியது. ஒன்றிய அரசின் அலுவல்கள் குறித்த ஒரு பதிவை, அரசே அமைக்கும் உண்மை சரிபார்ப்புப் பிரிவு ‘போலி, பொய், திசைதிருப்புவது’ என்று அடையாளம் காட்டினால், அதைத் தம்மிடம் வைத்திராமலிருக்கத் தளங்கள் முயல வேண்டும் என்றது திருத்தம். இது நேரடித் தடையில்லை என்பது அரசின் வாதம். ஆனால் இதன் விசை வேறிடத்தில் இருக்கிறது. பயனர் எழுதியதற்குத் தளம் பொறுப்பாகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு பாதுகாப்பளிக்கிறது. விதியை மீறினால் அந்தப் பாதுகாப்பு பறிபோகும். முகந்தெரியாத ஒரு பயனரின் நையாண்டிக்காக எந்த நிறுவனமும் வழக்குச் சுமையை ஏற்காது. பதிவை நீக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். தணிக்கை செய்தவர் யாரென்ற தடயமே மிஞ்சாது.

நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ராவும் இந்தியப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் உள்ளிட்ட அமைப்புகளும் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2024 ஜனவரி 31இல் தீர்ப்பு இரண்டாகப் பிளந்தது. அரசு தன் வழக்கில் தானே நீதிபதியாக முடியாது என்று நீதிபதி ஜி.எஸ். படேல் விதியை நிராகரித்தார். அரசின் அலுவல் பற்றிய சரியான விவரம் அரசிடமே இருக்கும் என்று நீதிபதி நீலா கோகலே அதை ஏற்றார். மார்ச் 20இல் ஒன்றிய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்திலுள்ள உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கு இந்த அதிகாரம் வழங்கப்பட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பிளவைத் தீர்க்க வந்த மூன்றாவது நீதிபதி ஏ.எஸ். சந்துர்கர் செப்டம்பர் 20இல் படேலின் பக்கம் நின்றார். குடிமக்களுக்கு உண்மை மட்டுமே போய்ச்சேருவதை உறுதிசெய்வது அரசின் பொறுப்பன்று என்பது அவர் முடிவு.

கோகலேயின் கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு என்பதற்கு அரசின் கோப்புதான் முதல் சான்று. ஆனால் சான்று தருபவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரல்லர். பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒரு பதிவின் படத்தின் மேல் சிவப்பு முத்திரை குத்தி வெளியிடுவது 2019 முதல் நடந்துவருகிறது. அதை மறுத்து எழுத யாருக்கும் உரிமை உண்டு என்பதால் அது வாதத்தில் ஒரு தரப்பாகவே இருக்கிறது. அந்த முத்திரைக்குப் பதிவை நீக்கவைக்கும் வலு சேர்ந்தால் மறுப்புக்கு இடமில்லாமல் போகும்.

இது ஒரு கட்சியின் ஆசை மட்டுமன்று. ஒன்றிய அரசின் திருத்தத்தை எதிர்த்து வழக்கு நடந்துகொண்டிருந்த 2023ஆம் ஆண்டிலேயே தமிழக அரசும் தனக்கென உண்மை சரிபார்ப்புப் பிரிவை அமைத்தது. ஆட்சியில் யார் இருந்தாலும் இந்தக் கருவி கைக்கு வாகாகத் தெரிகிறது என்பதே அதன் மீது ஐயம் கொள்ளப் போதுமான காரணம்.

அரசு விலகி நின்றால் நிறுவனங்களின் சார்பு கட்டற்றுப் போகாதா என்ற எதிர்வாதம் நியாயமானது. 1995இல் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு திசை காட்டியது: அலைக்கற்றை பொதுச்சொத்து, அதை நிர்வகிக்க அரசின் பிடிக்கு வெளியே ஒரு பொது அமைப்பு வேண்டும். வலைத்தளம் அலைக்கற்றை போல அருகிய வளமன்று என்றாலும், அரசு ஏகபோகமும் தனியார் ஏகபோகமும் ஒருசேர ஆபத்து என்ற அந்தப் பார்வை இன்றும் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு எண்மச் சேவைகள் சட்டம் இவ்வழியில் சில அடிகள் வைத்திருக்கிறது. பதிவை நீக்கினால் காரணத்தைப் பயனருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். பரிந்துரை முறையின் முக்கிய அளவுகோல்களை வெளியிட வேண்டும். மிகப்பெரிய தளங்கள் ஆய்வாளர்களுக்குத் தரவைத் திறந்துவிட வேண்டும்.

இந்தியாவில் நிலைமை எதிர்த்திசையில் இருக்கிறது. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில், பதிவுகளை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ஏற்றதே அதில் நடைமுறைக் காப்புகள் இருக்கின்றன என்பதால்தான். ஆனால் 2009ஆம் ஆண்டு முடக்க விதிகளின் 16ஆம் விதி புகாரையும் நடவடிக்கையையும் இரகசியமாக வைக்கச் சொல்கிறது. தன் பதிவு ஏன் முடக்கப்பட்டது என்றறியாதவர் எந்தக் காப்பைக் கோருவார்? சீர்திருத்தம் இங்கிருந்து தொடங்க வேண்டும். முடக்க ஆணைகளை, நாட்டுப் பாதுகாப்பு தொடர்பான சிலவற்றைத் தவிர, காரணத்தோடு வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டவரிடம் ஆணையின் படியைத் தர வேண்டும். நிறுவனங்களின் பரிந்துரை முறைகளைத் சுதந்திரமான அமைப்பு ஆய்வு செய்ய வேண்டும். எந்தக் கட்டுப்பாட்டையும் ஆதரிக்குமுன், நமக்கு ஒவ்வாத கட்சி நாளை ஆட்சிக்கு வந்து அதே விதியைக் கையிலெடுத்தாலும் ஏற்போமா என்று கேட்டுப் பார்க்கலாம். வெளிப்படைத்தன்மை விதிகள் இந்தச் சோதனையில் தேறும். உண்மைக்கு முத்திரை குத்தும் விதிகள் தேறா.