கரி வளையமும் குடாநாட்டின் பழைய கார்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் போர்க்கால வரலாற்றை எழுதுவோர் ஒப்பந்தங்களையும் சமர்களையும் இடப்பெயர்வுகளையும் பதிவு செய்துள்ளனர். அக்காலத்தில் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் யாழ். போதனா வைத்தியசாலைக்குச் சுமந்து சென்ற பழைய பிரித்தானியக் கார்களைப் பற்றியும், அவற்றை ஓட வைத்த கராஜ்காரர்களைப் பற்றியும் நான் வாசித்தவை மிகக் குறைவு. அந்த வரலாற்றின் ஒரு துளியை, கிளச்சினுள் இருக்கும் ஒரு சிறு கரி வளையத்தைக் கொண்டு சொல்லலாம்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர், 1948 இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1971 வரை தயாரிக்கப்பட்டது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதலாவது பிரித்தானியக் கார் அதுவே. இலங்கையில் 1960 களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, ஏற்கெனவே வந்திறங்கியிருந்த மைனர்களும் ஒஸ்ரின்களும் குடும்ப முதுசமாகின. 1977 இன் திறந்த பொருளாதாரம் ஜப்பானிய வாகனங்களைக் கொண்டு வந்த பின்னரும், யாழ்ப்பாணத்தின் வாடகைக் கார்த் தரிப்பிடங்களில் இப்பழைய கார்களே நின்றன.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்கு மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருளும் அடங்கியது. பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அணைந்து போனால் மறுபடியும் பெற்றோல் வேண்டும். ஆகவே வழியில் எங்கு நிற்க நேர்ந்தாலும் எஞ்சினை நிறுத்துவதில்லை.

இங்குதான் கரி வளையம் வரலாற்றுக்குள் நுழைகிறது. இக்காலக் கார்களின் கிளச்சை விடுவிக்கும் பெயாரிங்கில் உருக்குக் குண்டுகள் உண்டு. மைனரில் குண்டுகள் இல்லை. வார்ப்பிரும்புக் கிண்ணமொன்றில் பதிக்கப்பட்ட கிறபைற் வளையமே பெயாரிங். பெடலை மிதித்தால் ஒரு கவை அவ்வளையத்தைத் தள்ளும். அது சுழலும் உருக்குத் தட்டில் அழுத்தி கிளச்சை விடுவிக்கும். அதற்கு எண்ணெய் தேவையில்லை. தானே தேய்ந்து பணி செய்வதே அதன் இயல்பு. மிதித்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் அது தேய்கிறது.

எஞ்சின் ஓட, கியரில் வைத்தபடி கிளச்சை மிதித்துக்கொண்டு காத்திருந்தவர்களின் வளையங்கள் விரைவில் கரைந்தன. நான் அறிந்த முதிய மெக்கானிக் ஒருவர், தம்மிடம் வந்த இளம் சாரதிகள் அனைவருக்கும் ஒரே வாசகத்தைத்தான் சொல்வார்: “தம்பி, நிண்டால் நியூற்றலிலை விடு. கிளச்சிலை காலை வைச்சுக்கொண்டு நிக்காதை.”

சத்தத்தைக் கேட்டே நோயறியும் வித்தையையும் அவரிடமே கண்டேன். நியூற்றலில், பெடலில் கால் படாதபோது இரைந்து, முழுதாக மிதித்ததும் அடங்கும் ஒலி கியர்பொக்ஸின் முன் பெயாரிங்கினுடையது. கிளச்சைக் குறை கூறிப் பயனில்லை. மிதிக்கும்போது மட்டும் உலோகம் உராயும் கீச்சொலி எழுந்தால், கரி தீர்ந்து இரும்புக் கிண்ணம் தட்டைத் தொடுகிறது என்று பொருள். மூன்றாவது ஒலியே வஞ்சகமானது. வளையத்தைக் கவையில் பிடித்திருக்கும் கிளிப்புகள் தளர்ந்தால் கடகடவென்று ஒலிக்கும்; பெடலில் காலை மெல்ல வைத்தால் நின்றுவிடும். எனவே சாரதி காலை அங்கேயே வைத்திருப்பார். ஒலி அடங்கும், கரி தேயும். சத்தத்தை அடக்கும் அந்தச் செயலே பாகத்தை அழித்துவிடும்.

தேய்ந்த பின் மாற்றுவது இலகுவன்று. ஒரு கரி வளையத்துக்காக எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். மாமரக் கிளையில் சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டு எஞ்சினைத் தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன். அனுபவசாலிகள் வளையத்தோடு நிறுத்துவதில்லை. உருக்குத் தட்டில் கீறல் விழுந்திருந்தால் அது புதுக் கரியையும் அரைத்துவிடும். ஆதலால் தட்டையும் மாற்றுவர். கவையின் துளைகளையும் கிளிப்புகளையும் சோதிப்பர். இறுதியில், காரின் அடியிலுள்ள தண்டைத் திருகி, பெடலுக்குச் சற்று வெற்றசைவு விடுவர். அந்த அசைவு இல்லாவிடின் கால் படாமலேயே கரி தேயும்.

பாகத்துக்கு எங்கே போவது? கொழும்பிலிருந்து எவரேனும் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்து கொண்டுவர வேண்டும். அன்றேல் ஓடாது நிற்கும் இன்னொரு காரிலிருந்து கழற்ற வேண்டும். அதே 1990 களில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனரின் பாகங்கள் தயாரிக்கப்பட்டுப் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாகின. லண்டனில் கார் வைத்திருந்தவருக்கு இலங்கைப் பாகம் எட்டியது. யாழ்ப்பாணத்தில் வைத்திருந்தவருக்கு எட்டவில்லை. ஒரே தீவில் இருவேறு காலங்கள் ஓடிக்கொண்டிருந்தன என்பதற்கு இதனிலும் தெளிவான சான்றை நான் அறியேன்.

2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறக்கப்பட்டதும், புலம்பெயர் நாடுகளிலிருந்து வந்தோர் இக்கார்களை வியப்புடன் படம் பிடித்தனர். அவர்கள் வியந்தது வாகனத்தின் வயதை. அதனுள்ளே எத்தனை வளையங்கள் தேய்ந்தன, எத்தனை பேர் எஞ்சினைத் தூக்கி இறக்கினர் என்பது படத்தில் விழுவதில்லை. அந்த மெக்கானிக்குகளில் பலர் இன்று நம்மிடையே இல்லை. எஞ்சியிருப்போரிடம் ஊருக்குச் செல்லும் எவரேனும் அமர்ந்து கேட்டு எழுதினால், அது குடாநாட்டு வரலாற்றின் இன்றியமையாத அத்தியாயமாக அமையும்.