தண்ணீருக்கு வயது பார்க்கும் வித்தை பிறந்த கதை

மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கம் ஒருவர் போர் போட்டார் என்றால் ஊர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை அடி. இரண்டாவது, எத்தனை இஞ்சு தண்ணி. திருச்செங்கோட்டுப் போர்வண்டி வந்து நின்று, மேல்மண் தாண்டிக் கல்லில் இறங்கியதும் வெள்ளைப் புழுதி கிளம்பி அக்கம்பக்கத்துத் தென்னை மட்டையெல்லாம் படியும். புழுதி ஈரமாகிச் சேறாக வெளியே வந்தால்தான் நிலத்துக்காரர் முகத்தில் உயிர் வரும். அந்தத் தண்ணீர் என்றைக்குப் பெய்த மழை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. போன ஐப்பசி மழை என்றால் வருகிற ஐப்பசியில் மறுபடி ஊறும். பல நூறு வருசம் கல்லிடுக்கில் கிடந்த தண்ணீர் என்றால், எடுத்தது எடுத்ததுதான். பேரன் காலத்திலும் திரும்பாது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வித்தைக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. 1931இல் அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்டு யூரி, சாதாரண ஹைட்ரஜனைப் போல இரண்டு மடங்கு எடையுள்ள டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்தார். நாம் குடிக்கும் தண்ணீரில் 10 லட்சம் ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துக்கொண்டால் அவற்றில் 150 சொச்சம் இந்தக் கன வகை. ஆக்சிஜனிலும் ஏறக்குறைய 500க்கு ஒன்று ஆக்சிஜன்-18 என்ற கன அணு. ஒரே தனிமம், வேறு எடை: இவற்றைத்தான் ஐசோடோப்பு என்கிறோம். கடல்நீர் ஆவியாகும்போது லேசானது முந்திக்கொண்டு மேலே போகும். மேகம் மழையாகும்போது கனமானது முந்திக்கொண்டு கீழே விழும். எனவே எந்தக் கடலில் எழுந்து, எவ்வளவு தூரம் பொழிந்துகொண்டே வந்த மேகம் என்பதற்கேற்ப ஒவ்வொரு மழையிலும் கனமும் லேசும் கலந்த விகிதம் மாறுகிறது.

இதை மழையில் பிடித்துப் பார்த்தவர் டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்ட். 1952இல் கோபன்ஹேகனில் தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பீர் பாட்டிலில் புனலைச் செருகி வைத்து மழைநீர் பிடித்தார். மழைநீரில் இந்த விகிதம் நேரத்துக்கு நேரம் மாறுவதை, அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் காட்டியது. அடுத்து 1961இல் அமெரிக்கப் புவி வேதியியலாளர் ஹார்மன் கிரெய்க், உலகின் பல மூலைகளிலிருந்து வந்த ஆறு, ஏரி, மழை, பனி நீர்களின் கன ஹைட்ரஜன், கன ஆக்சிஜன் அளவுகளை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தபோது பெரும்பாலானவை ஒரே நேர்கோட்டில் அமர்ந்தன. கோட்டை விட்டு விலகி நின்றவை, வெயிலில் ஆவியாகிச் சுண்டிய நீர்நிலைகள்.

நம் ஊருக்கு இந்த விலகல்தான் முக்கியம். கண்மாயில் மாதக்கணக்கில் தேங்கி வெயிலில் வற்றிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்தால், அது கிரெய்க் போட்ட கோட்டிலிருந்து விலகி நிற்கும். நேராக மழையே இறங்கியிருந்தால் கோட்டை ஒட்டி நிற்கும். கண்மாயைத் தூர்வாரினால் கிணறு ஊறுமா என்ற விவாதத்துக்கு ஒரு சிறு பாட்டில் தண்ணீரே சாட்சி சொல்லிவிடும். பாட்டிலை விளிம்புவரை நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் இறுக மூட வேண்டும். வழியில் கொஞ்சம் ஆவியானாலும் சாட்சி பொய்யாகிவிடும்.

இது பிறப்பிடம் சொல்லும் வித்தை. வயது சொல்லும் வித்தை இன்னொரு வாசலில் பிறந்தது. கார்பனின் கதிர்வீச்சு வகையான கார்பன்-14 இயற்கையிலேயே இருக்கிறது என்று அமெரிக்க வேதியியலாளர் வில்லார்டு லிபியும் கூட்டாளிகளும் 1947இல் நிரூபித்தது இரண்டு வாயுக்களை ஒப்பிட்டுத்தான். ஒன்று பால்டிமோர் நகரின் சாக்கடைக் கழிவு கிளப்பிய மீத்தேன். மற்றது பூமிக்கு அடியிலிருந்து வந்த பெட்ரோலிய மீத்தேன். நேற்றுவரை உயிருள்ளவற்றில் இருந்த கார்பனில் கதிர்வீச்சு இருந்தது. ஆழத்து வாயுவில் இல்லை, அது எப்போதோ சிதைந்து போயிருந்தது. கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும். தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனுக்கும் அதே கணக்குதான்; ஏறத்தாழ 40,000 ஆண்டுவரை பின்னோக்கிப் போகலாம்.

இளம் நீரின் வயதுக்கு வேறு கணக்கு. டிரிட்டியம் என்ற கதிர்வீச்சு ஹைட்ரஜன் சுமார் 12 ஆண்டுகளில் பாதியாகும். அதைச் சோதிக்க லிபி, ஆண்டு குறித்த பழைய ஒயின் பாட்டில்களை எடுத்தார். பிறகு வல்லரசுகள் வானில் ஹைட்ரஜன் குண்டுகளை வெடித்தன. 1963 வாக்கில் வட அரைக்கோளத்து மழையில் டிரிட்டியம் இயற்கை அளவைப் போல நூறு மடங்குக்கு மேல் ஏறியது. உலகத்துக்கே கேடான காரியம். ஆனாலும் அதற்குப் பிந்திய மழையை அதற்கு முந்தியதிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாக அந்தக் கறை நிலத்தடியில் நின்றது. வருசத்துக்கு வருசம் அதுவும் மங்கி வருகிறது.

தமிழ்நாட்டில் இந்த வித்தை வேரூன்றிய இடங்களில் முக்கியமானது நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைக்காவிட்டால் சுரங்கத் தரையே பிளந்துவிடும். இத்தனை தண்ணீரை இறைக்கிறோமே, இதற்கு வயது என்ன? ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் பி.எஸ். சுகிஜா குழு, அந்த ஆழத்து நீரைக் கொண்டு தென்னிந்தியாவின் கடந்த 30,000 ஆண்டு தட்பவெப்பத்தையே படித்து 1998இல் வெளியிட்டது. மேற்கே மழை இறங்கும் இடத்தில் இளம் நீர். கடலை நோக்கிப் போகப் போக வயது கூடுகிறது. அந்தக் காலத்து முறையில் ஒரு மாதிரிக்கே நூறு லிட்டர் அளவில் தண்ணீர் பிடிக்க வேண்டும். காற்றுப் படாமல் பீப்பாயில் நிரப்பி, காரம் சேர்த்து, பேரியம் குளோரைடு போட்டால், கரைந்திருந்த கார்பன் வெள்ளை வண்டலாக அடியில் படியும். அந்த வண்டலில்தான் வயது இருக்கிறது.

மேலூருக்கு வருவோம். இங்கே இரண்டு பருவமழைகள் ஒரே வயலில் சந்திக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் பெருமளவு தென்மேற்குப் பருவத்தில் நிறையும் பெரியாற்று நீர், வைகையில் கலந்து, பேரணையில் பிரிந்து, கள்ளந்திரி தாண்டி ஒருபோகப் பாசனத்துக்கு வருகிறது. வானத்திலிருந்து விழுவதிலோ வடகிழக்குப் பருவமழையின் பங்கே அதிகம். தென்னிந்தியக் கிணற்று நீரில் இந்த இரட்டைப் பருவமழையின் தடத்தை அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆர்.டி. தேஷ்பாண்டேயும் சகாக்களும் 2003இல் எடுத்துக் காட்டினார்கள். வடகிழக்கு மழையில் கன ஆக்சிஜன் குறைவு. 2016இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதுரை மாவட்டக் கடினப்பாறைக் கிணறுகளையே இந்த முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள். வாய்க்கால் நீரும் வான்மழையும் கலக்கும் மேலூரைவிட இந்தச் சோதனைக்குத் தோதான இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இனி ஆழத்து வாயு. பெரியாறு அணை திறந்த அதே 1895இல், லண்டனில் வில்லியம் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து ஹீலியத்தைப் பிரித்தெடுத்தார். கல்லிலுள்ள யுரேனியமும் தோரியமும் சிதையச் சிதைய ஹீலியம் பிறந்து, பக்கத்திலுள்ள தண்ணீரில் உண்டியல் காசு போலச் சேர்ந்துகொண்டே போகிறது. ஹீலியம் கூடுதலாக இருந்தால் தண்ணீர் நெடுங்காலம் கல்லோடு கிடந்தது என்று பொருள். கனடாவின் டிம்மின்ஸ் சுரங்கத்தில் 2.4 கிலோமீட்டர் ஆழத்தில் கசிந்த நீருக்கு, அதில் கரைந்திருந்த ஹீலியம், செனான் போன்ற வாயுக்களை வைத்து 150 கோடி ஆண்டுக்குக் குறையாத வயது என்று 2013இல் கணக்கிட்டார்கள். மேலூரின் அடியிலும் கிடப்பது கிரானைட்டும் நைசும்தான். மதுரை மாவட்ட நிலத்தடி நீரில் யுரேனியமும், அது சிதையும் வழியில் பிறக்கும் கதிர்வீச்சு வாயுவான ரேடானும் அளக்கப்பட்டிருக்கின்றன. ஆக, கல்லோடு கிடந்த தண்ணீரின் வயது பார்ப்பது குடிநீரின் நலம் பார்ப்பதும்கூட.

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் குன்றுகளும் ஊற்றுகளும் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சிக்கி, மக்கள் திரண்டு போராடியதால் 2025 சனவரியில் தப்பின. அந்த ஊற்றுகள் எந்த மழையில் ஊறுகின்றன என்ற கணக்கு ஊரின் கையில் இருந்தால், அடுத்த முறை யாராவது குன்றில் கைவைக்க வரும்போது உணர்ச்சியோடு ஆதாரமும் பேசும். இன்றைய லேசர் கருவிகளுக்குச் சில மில்லிலிட்டர் நீர் போதும். நீர்வளத் துறையும் பக்கத்துக் கல்லூரிகளும் சேர்ந்து மேலூர் ஒன்றியத்துக் கிணறு, கண்மாய், வாய்க்கால், ஊற்று எல்லாவற்றிலும் கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை மாதிரி எடுக்க வேண்டும். முடிவை ஊராட்சிப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஆயிரம் அடிக்குப் போர்வண்டியைக் கூப்பிடும் முன் அந்தப் பலகையைப் பார்க்கும் உரிமை ஒவ்வொரு விவசாயிக்கும் உண்டு, கிராமசபையில் கேளுங்கள்.