காப்பிக் கடையில் பிறந்த கூட்டு அலுவலகம்



காப்பிக் கடையில் அமர்ந்து வீண்பொழுது போக்காதீர் என்று மாணவர்க்குப் பல்லாண்டு அறிவுரை கூறிய தலைமையாசிரியன் நான். இன்று ஒரு காப்பிக் கடையின் பெருமையைப் பேச வந்திருக்கிறேன் என்றால் நீங்கள் நகைக்கக்கூடும். காரணம் கேளுங்கள்.

இக்காலப் பெருநகரங்களில், தனி அலுவலகம் அமைக்க இயலாதோர் ஒரே கூடத்தில் மேசைகளை வாடகைக்குப் பெற்றுத் தத்தம் தொழிலை நடத்துகின்றனர். புதிய உறுப்பினரை ஈர்ப்பது எவ்வாறு என்பதே அக்கூடங்களை நடத்துவோரின் கவலை. இக்கவலைக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டவர் எட்வர்டு லாய்டு.

1680களின் இறுதியில் இலண்டன் டவர் தெருவில் அவருடைய காப்பிக் கடை நடைபெற்று வந்தது. அந்நாளில் நகரில் காப்பிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. எல்லாக் கடையிலும் கிடைக்கும் காப்பியைக் கொண்டு தனிப்பெயர் ஈட்ட முடியுமா? லாய்டு தம்மிடம் வருவோர் யாவர் என்று நோக்கினார். கப்பல் தலைவர், கப்பல் உரிமையாளர், வணிகர் ஆகியோரே மிகுதி. அவர்கட்கு இன்றியமையாதது கப்பற்செய்தி. எனவே எழுதுகோலும் மையும் தாளும் கொடுத்தார். துறைமுகச் செய்திகளைத் திரட்டித் தந்தார். 1691இல் அஞ்சல் தலைமை நிலையம் இருந்த லொம்பார்டு தெருவுக்கே கடையை மாற்றினார். மெழுகுவத்தி ஓர் அங்குலம் எரிந்து முடியும்வரை விலை கேட்கும் கப்பல் ஏலங்களும் அங்கே நடந்தன. 1696இல் வாரம் மும்முறை வெளிவரும் செய்தித்தாளையும் தொடங்கினார். அது சில திங்களே நீடித்தது. எனினும், செய்தி வேண்டுமாயின் லாய்டு கடைக்குச் செல் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அதனினும் சிறந்த விளம்பரம் ஏது?

கடலில் கப்பல் மூழ்கினால் இழப்பை ஏற்போம் என்று ஒப்பந்தத்தின் அடியில் பெயரும் தொகையும் எழுதிக் கையொப்பமிடுவோர் அம்மேசைகளில் அமர்ந்தனர். கடற்காப்பீடு அங்கே தழைத்தது.

லாய்டு 1713இல் மறைந்தார். கடை வளர்ந்தது, கூடவே களையும் வளர்ந்தது. நோயுற்ற பெரியோர் பிழைப்பரா, மாட்டாரா என்று பணம் கட்டும் சூதாட்டமும் காப்பீடு என்னும் பெயரில் புகுந்தது. நாணயம் மிக்கோர் நாணினர். 1769இல் அவர்கள் பிரிந்து சென்று வேறொரு கடையை அமைத்தனர். 1771இல் எழுபத்தொன்பது பேர் தலைக்கு 100 பவுன் செலுத்தி, இடத்தைத் தமக்கே உரியதாக்க முனைந்தனர். முன்பு வாடிக்கையாளராக இருந்தோர் உரிமையாளர் ஆயினர். 1774இல் அவர்கள் ராயல் எக்ஸ்சேஞ்சு மாளிகையில் குடியேறினர். தமக்குத் தொடர்பில்லாதவர் உயிர்மீது காப்பீடு எடுப்பதைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவ்வாண்டிலேயே தடை செய்தது. பழைய கடையோ நலிந்து மறைந்தது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் வரலாற்றாசிரியர்க்கு அழகன்று. அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கும் இச்சந்தை காப்பீடு அளித்தது. அதற்காக 2020இல் லாய்ட்சு நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. சூதாட்டம் கண்டு நாணியவர்கள், மனிதரைச் சரக்காகக் கருதியபோது நாணவில்லையே!

மாணவர்களே, நாற்காலியும் மேசையும் ஆட்களை ஒருநாள் அழைக்கும். பயன் அவர்களை மறுநாளும் வரச்செய்யும். நேர்மையே அவர்களைத் தலைமுறை தலைமுறையாக நிலைநிறுத்தும். நீங்கள் நாளை எத்தொழில் தொடங்கினும் இதனை நினைவில் கொள்ளுங்கள்.