வார்டு வேலையில் தொடங்கி ஜனாதிபதி போட்டி வரை: ஷெர்லி சிஷோம்

பதவிக்கு வர பணமும் பெரிய குடும்பமும் வேணும்னு நாம பேசிக்கிறோம். அது இரண்டும் இல்லாமல் சட்டமன்றம், நாடாளுமன்றம், அதற்கும் மேலே என்று படி ஏறிய ஒரு பெண்ணின் வரலாறு இது.

ஷெர்லி சிஷோம் 1924-ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில், புரூக்ளின் பகுதியில் பிறந்தார். பிழைப்புத் தேடி வந்த கறுப்பினக் குடும்பம். அப்பா ஆலைத் தொழிலாளி. அம்மா தையல் வேலை, வீட்டு வேலை செய்தவர். பிள்ளைகளை வளர்க்க முடியாமல் சில வருடம் பார்படோஸ் தீவில் பாட்டியிடம் விட்டிருந்தார்கள்.

படித்து பாலர் பள்ளி ஆசிரியை ஆனார். கூடவே வார்டு அளவில் கட்சி வேலையும் செய்தார். கூட்டம் நடத்த, பணம் திரட்ட பெண்கள். மேடையில் உட்கார ஆண்கள். அதைக் கேள்வி கேட்டார். 1964-ல் தானே நின்று நியூயார்க் மாநில சட்டமன்றத்துக்குத் தேர்வானார்.

அங்கே என்ன செய்தார்? வீட்டு வேலை செய்பவர்களுக்கு வேலை போனால் உதவித்தொகை கிடைக்க வழி செய்தார். பிரசவத்துக்காக விடுப்பு எடுத்த ஆசிரியைகள் பணி உரிமையை இழக்காமல் இருக்கச் சட்டம் கொண்டுவந்தார். ஏழைப் பிள்ளைகள் கல்லூரி போகும் திட்டத்துக்காகவும் உழைத்தார்.

1968-ல் நாடாளுமன்றத் தேர்தல். எதிரே நாடறிந்த தலைவர் ஜேம்ஸ் ஃபார்மர். தொகுதிக்கு ஆண் குரல்தான் வேணும்னு பிரசாரம் நடந்தது. ஷெர்லி பட்டியலைப் பார்த்தார்: வாக்காளர்களில் பெண்களே அதிகம்! பெண்கள் சங்கங்கள், பள்ளிப் பெற்றோர் குழுக்கள் என்று வீடு வீடாகப் போனார். ஸ்பானிய மொழிக்காரர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசினார். விலைபோகாதவள், யாருக்கும் கைகட்டாதவள் என்பதே அவர் முழக்கம். ஜெயித்து, அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினர் ஆனார்.

நகரத் தொகுதிக்காரரான அவரை விவசாயக் குழுவில் போட்டார்கள். புதுசா வந்தவள்தானேன்னு வாய்மூடி இருக்கவில்லை. சபையிலேயே எழுந்து எதிர்த்தார், மாற்றிக் கொடுத்தார்கள்.

1972 ஜனவரி 25-ல் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் இறங்குவதாக அறிவித்தார். கையில் பணமில்லை. சொந்த இனத் தலைவர்கள் பலரும், பெண்கள் அமைப்புத் தலைவிகள் சிலரும்கூட ஒதுங்கி நின்றார்கள். சட்டப்படி போராடித்தான் தொலைக்காட்சியில் பேச நேரம் வாங்கினார். கட்சி மாநாட்டில் அவருக்கு 152 ஓட்டு கிடைத்தது. வேட்பாளரானது ஜார்ஜ் மெக்கவர்ன். கறுப்பினம் என்பதைவிட, பெண் என்பதால்தான் அதிகத் தடை வந்தது என்று பின்னாளில் பலமுறை சொன்னார்.

அந்தப் போட்டியில் இன்னொரு சம்பவம். கறுப்பினத்தவருக்கு எதிராக நின்ற ஜார்ஜ் வாலஸ் சுடப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஷெர்லி நேரில் போய்ப் பார்த்தார். ஆதரவாளர்களே கோபப்பட்டார்கள். ஆனால் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கேட்டு அவர் போராடியபோது, தென் மாநில உறுப்பினர்களின் ஆதரவைத் திரட்ட வாலஸ் உதவினார். 1974-ல் அது சட்டமானது. அம்மா செய்த வேலைக்கு மகள் வாங்கிக் கொடுத்த கூலி அது.

1983 வரை நாடாளுமன்றத்தில் இருந்தார், 2005-ல் காலமானார். சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 2019-ல் அதே போட்டியில் இறங்கியபோது, ஷெர்லியின் நினைவாக அவருடைய பிரசார நிறங்களைத் தன் சின்னத்தில் வைத்துக்கொண்டார்.

ஷெர்லி அந்த நாற்காலியில் உட்காரவில்லை. ஆனால் வழி திறந்தது. வார்டு தேர்தலோ, கூட்டமைப்புத் தேர்தலோ, அடுத்த முறை பேர் கொடுக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்காதீங்க, சகோதரிகளே. உங்க பேரையே கொடுங்க.