நாலரை அங்குலம்

பழைய டொயோட்டா கேம்ரியை விற்றபோது, குளிர்கால டயர்களைச் சக்கரத்தோடு எடுத்து வைத்துக்கொண்டேன். புது ஹோண்டா அக்கார்டுக்கும் அதே ஐந்து போல்ட், அதே 114.3 மி.மீ. வட்டம். மாட்டிடலாம்னு நம்பினேன்.

பனிக்கென்றே தனி டயர் 1934-இல் ஃபின்லாந்தின் நோக்கியா ஊரில் லாரிகளுக்காகப் பிறந்தது. 1936-இல் ஹக்கபெலீத்தா என்ற பெயரில் கார்களுக்கும் வந்தது. நான் வசிக்கும் கியூபெக்கில் 2008 குளிர்காலத்திலிருந்து அது கட்டாயம். அதனால் இங்கே பல வீடுகளில் காருக்கு இரண்டு செட் சக்கரம்.

அதென்ன 114.3? நாலரை அங்குலம்தான். 1960-களின் ஃபோர்டு மஸ்டாங்கிலும் அதே வட்டம் உண்டு. மீட்டரில் அளக்கும் ஜப்பான், இதை அங்குலத்திலேயே விட்டுவைத்திருக்கிறது. மென்பொருளிலும் இப்படித்தான், பழைய கோடை யாரும் தொட மாட்டோம்.

ஆனால் சக்கரம் ஏறவில்லை. கேம்ரி சக்கரத்தின் நடு ஓட்டை 60.1 மி.மீ., ஹோண்டாவின் ஹப் 64.1. போல்ட் வட்டம் பொதுவாகிவிட்டது. நடு ஓட்டை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

கடைந்து பெரிசாக்கிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பின் சீட்டில் மகள் உட்காருவாள். வேறு சக்கரம் வாங்கிவிட்டேன்.